ஊர் எடுக்கும் விழா: குழந்தைகளும் உலகத் திரையும்



திரைப்படம் தொடர்பாக எதைப் பற்றியும் பேசலாம் என்று சொல்லித்தான் இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தார்கள். குழந்தைகளுக்கான பன்னாட்டுத் திரைப்பட விழாக்களை எடுத்துக்கொண்டேன். பாட்டைப் பற்றி, நடிகர்களைப் பற்றி, திரைக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் பற்றியெல்லாம் தமிழில் நல்ல நூல்கள் வந்துவிட்டன. நம் பிள்ளைகள் என்ன படம் பார்க்கிறார்கள், யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பார்த்து முடித்ததும் அவர்களிடம் யார் பேச்சுக் கொடுக்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் கொஞ்சம்.

வெளிநாடுகளில் சில சின்ன ஊர்கள் இந்தக் காரியத்தை அரை நூற்றாண்டுக்கு மேலாக விடாமல் செய்துவருகின்றன. இந்தியாவிலும் ஒரு பெரிய விழா நடந்தது; பிறகு நின்றுபோனது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் தன்னுடையது என்று எடுத்துக்கொண்ட விழா நிலைத்திருக்கிறது. அரசாணையை மட்டும் நம்பி நடந்த விழா, ஆணை மாறியபோது முடிந்துபோயிருக்கிறது. இன்று நான் பேசப்போவது முழுக்க இதைச் சுற்றித்தான்.

செக் நாட்டின் கிழக்குப் பக்கத்தில் ஸ்லீன் என்று ஓர் ஊர். பாட்டா செருப்பு போடாத கால் நம் ஊரில் குறைவு. அந்தப் பாட்டா நிறுவனம் 1894இல் பிறந்தது அங்கேதான். தன் விளம்பரப் படங்களை எடுப்பதற்காக 1936இல் அந்த நிறுவனம் ஊரையொட்டிய குட்லோவ் மேட்டில் ஒரு படப்பிடிப்புக் கூடம் கட்டியது. செருப்பு விற்பதற்காகக் கட்டிய அந்தக் கூடத்துக்குப் பிற்பாடு இரண்டு மேதைகள் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் ஹெர்மினா தீர்லோவா. மரப் பொம்மை, கம்பளி நூல், கைக்குட்டை என்று வீட்டில் கிடக்கும் பொருள்களுக்கு உயிர் கொடுத்துப் படம் எடுத்த அம்மையார். முடிச்சுப் போட்ட ஒரு கைக்குட்டையைக் கதாநாயகனாக்கி 1958இல் ஒரு படம் செய்திருக்கிறார். இன்னொருவர் கரெல் ஸெமான். நான்கு பையன்கள் ஒரு படகில் ஏறி, கால ஆற்றில் பின்னோக்கிப் போய் மாமூத்தையும் டைனோசரையும் பார்த்துவரும் அவருடைய படம் 1955இல் வந்தது. கணினி வராத காலத்தில் பொம்மைகளையும் ஓவியங்களையும் வைத்தே எடுத்த படம். இன்றைக்குப் போட்டாலும் பிள்ளைகள் வாய் திறந்து பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் 1961இல் குழந்தைகள் திரைப்பட விழா தொடங்கியது. இவ்வகை விழாக்களில் உலகிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று அது. அப்போது ஊரின் பெயர்கூட ஸ்லீன் இல்லை. கம்யூனிஸ்ட் தலைவர் கோட்வால்டின் பெயரை 1949இல் ஊருக்குச் சூட்டியிருந்தார்கள். 1989இல் ஆட்சி கவிழ்ந்தது. 1990இல் ஊர் தன் பழைய பெயரை மீட்டுக்கொண்டது. 1993இல் செக்கோஸ்லோவாகியா என்ற நாடே இரண்டாகப் பிரிந்தது. ஆட்சி, பெயர், நாட்டின் எல்லை எல்லாம் மாறியும் விழா நின்றுபோகவில்லை. ஆண்டுதோறும் ஜூன் 1 குழந்தைகள் நாளை ஒட்டி இன்றும் நடக்கிறது. சிறந்த படத்துக்கு அவர்கள் கொடுக்கும் விருதின் பெயர் தங்கச் செருப்பு. தன் தொழிலை விருதின் பெயராக்கிக்கொள்ளும் அந்த ஊரின் உரிமை உணர்வைக் கவனியுங்கள். காலில் போடுவதை விருதாகக் கொடுப்பதா என்று அவர்கள் தயங்கவில்லை.

அவர்கள் செய்யும் இன்னும் இரண்டு காரியங்களையும் சொல்ல வேண்டும். படப்பிடிப்பில் காட்சிக்குக் காட்சி தட்டும் கிளாப் பலகை தெரியும் அல்லவா? அந்தப் பலகைகளை ஓவியர்களிடம் கொடுத்து வரையச் சொல்கிறார்கள். பிறகு அவற்றை ஏலம் விட்டு, வரும் பணத்தைத் திரைப்பட மாணவர்கள் படம் எடுக்கக் கொடுக்கிறார்கள். விழா பார்த்து வளர்ந்த பிள்ளை ஒருநாள் அந்தப் பணத்தில் படம் எடுக்க வழி இருக்கிறது. இரண்டாவது, சினிமா ரயில். ஒரு ரயில் பெட்டியைத் திரையரங்காக்கி, விழாவுக்கு முன்பு ஊர் ஊராக ஓட்டுகிறார்கள். நிலையத்தில் பெட்டி நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து இலவசமாகப் படம் பார்த்துவிட்டு இறங்குவார்கள். பெருநகரத்துக்கு வர முடியாத பிள்ளைகளை நோக்கி விழாவே போகிறது.

இதைப் படித்தபோது எனக்குச் சாமிக்கண்ணு வின்சென்ட் நினைவுக்கு வந்தார். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்தவர், துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கொட்டகை போட்டு ஊர் ஊராகக் காட்டினார். தென்னிந்தியாவில் திரைப்படம் மக்களிடம் போனது இப்படித்தான். ஊருக்குப் படத்தைக் கொண்டுபோவது நமக்குத் தெரியாத வித்தை இல்லை.

அடுத்து இத்தாலி. தெற்கே சலெர்னோ மாவட்டத்தில், மலையடிவாரத்தில், ஜிஃபோனி வாலே பியானா என்ற ஊர். ஏறத்தாழ 12,000 பேர் வசிக்கிறார்கள். நம் கணக்கில் ஒரு பேரூராட்சி. ஹேசல்நட் கொட்டைக்குப் பேர்போன ஊர். அங்கே 1971இல், இருபது வயதை ஒட்டிய க்ளௌடியோ குபிதோஸி என்ற உள்ளூர் இளைஞர் குழந்தைகளுக்கு ஒரு படவிழா தொடங்கினார். ரோமிலோ மிலானிலோ போய்த் தொடங்கியிருக்கலாம். தன் ஊரிலேயே தொடங்கினார். அரை நூற்றாண்டுக்கு மேல் தானே முன்னின்று நடத்தினார். 1980 நவம்பரில் அந்த வட்டாரத்தைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஏறக்குறைய 3,000 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டாம் ஆண்டில், 1982இல், ‘நானூறு அடிகள்’ எடுத்த பிரான்சுவா த்ரூஃபோ அந்த விழாவுக்கு வந்தார். விழாக்களிலேயே மிகத் தேவையான விழா இதுதான் என்ற பொருளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பிள்ளைப் பருவத்தின் வலியைத் திரையில் அவர் அளவுக்குக் காட்டியவர்கள் சிலர்தான். அவர் சொன்னதை ஊர் மறக்கவில்லை. அவர் பெயரில் அங்கே ஓர் அரங்கு இருக்கிறது.

ஜிஃபோனியில் நடுவர்கள் குழந்தைகள். மூன்று வயது முதல் பதினெட்டும் அதற்கு மேலும் வரை, வயது வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் படங்கள், தனி நடுவர் குழு. உலகத்தின் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஜூலை மாதத்தில் அங்கே கூடுகிறார்கள். படம் முடிந்ததும் இயக்குநர் எதிரே உட்கார வேண்டும், பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். பரிசு யாருக்கு என்பதை முடிவு செய்வது அவர்களுடைய வாக்கு. அவ்வளவு பிள்ளைகளும் எங்கே தங்குவார்கள்? 12,000 பேர் வாழும் ஊரில் அத்தனை விடுதி ஏது? வெளியூர்ப் பிள்ளைகளை உள்ளூர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டில் தங்க வைத்துக்கொள்கின்றன. விழா நாட்களில் அந்த வீட்டு அம்மா போடும் பாஸ்தாவைத்தான் வேறொரு நாட்டிலிருந்து வந்த பெண்ணும் சாப்பிடுகிறாள்; அந்த வீட்டுப் பையனோடு சேர்ந்துதான் அரங்குக்கு நடந்து போகிறாள்.

குடும்பங்களுக்கான விழா என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. குடும்பத்தோடு வந்து படம் பார்த்துவிட்டுப் போவது ஒன்று. குடும்பமே விழாவைத் தன் வீட்டுக்குள் விட்டுக்கொள்வது வேறொன்று. ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். வடம் பிடித்தவன் அடுத்த ஆண்டும் வந்து நிற்பான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். வெளிநாட்டுப் படம், வெளிநாட்டு மொழி. எழுத்தே கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அடியில் ஓடும் வரிகளால் என்ன பயன்? இதற்கு விழாக்கள் கண்டிருக்கும் வழிதான் என்னை அதிகம் கவர்ந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பெர்லின் திரைப்பட விழாவில் 1978 முதல் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. இன்று அதற்கு ஜெனரேஷன் என்று பெயர். சிறுவர்களுக்கான காட்சிகளில் படம் அதன் சொந்த மொழியிலேயே ஓடும். அரங்கில் ஒருவர் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து வசனத்தை ஜெர்மன் மொழியில் வாசித்துக்கொண்டே போவார். ஒரே ஆள்தான். தாத்தாவுக்கும் அவர் குரல்தான், பேத்திக்கும் அவர் குரல்தான். குரலை மாற்றி நடிப்பதில்லை. நடிகரின் சொந்தக் குரல் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்க, வாசிப்பவர் அதன் மூச்சுக்கு ஏற்ப வாசிப்பார். ஐந்து நிமிடம் கழிந்ததும் பிள்ளைகள் வாசிப்பவரை மறந்துவிடுகிறார்கள். அழும்போது திரையில் இருப்பவர் அழுவதைத்தான் கேட்கிறார்கள். பொருள் மட்டும் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஓர் ஆள் வந்து உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பதால், பார்க்கப்போனால் ஒவ்வொரு காட்சியும் பிள்ளைகளுக்காக அன்றைக்கென்று புதிதாக நடத்தப்படும் நிகழ்ச்சி.

நம் தாத்தாக்களுக்கு இது புதிதல்ல. பேசாப் படக் காலத்தில் நம் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதையை உரக்கச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். படம் பேச ஆரம்பித்ததும் அந்தத் தொழில் மறைந்தது. அது பிள்ளைகளுக்காக மட்டுமாவது நீடித்திருக்கலாம் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இந்த வாசிப்பு என்ன செய்யும் என்பதற்கு ஓர் இந்தியப் படத்தையே சொல்கிறேன். மராத்தியில் அவினாஷ் அருண் இயக்கிய முதல் படம் ‘கில்லா’; கோட்டை என்று பொருள். அப்பாவை இழந்த பதினோரு வயதுப் பையன் சின்மய். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மாவுக்குக் கொங்கணக் கரையில் ஒரு சின்ன ஊருக்கு மாற்றல். புதுப் பள்ளிக்கூடம், புதுப் பையன்கள், ஓயாத மழை. சைக்கிளில் எல்லோரும் சேர்ந்து கடலோரக் கோட்டைக்குப் போகிறார்கள். மழை பிடித்துக்கொள்கிறது, நண்பர்கள் அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். பழைய கோட்டைச் சுவர்களுக்கு நடுவே நனைந்தபடி அவன் நண்பர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு அலைகிறான். படத்தில் இதற்கு மேல் பெரிய சம்பவம் இல்லை. வில்லன் இல்லை, கடைசியில் எல்லாம் கூடிவரும் முடிவும் இல்லை.

2014இல் இந்தப் படம் பெர்லினில் திரையிடப்பட்டது. அங்கே சிறுவர் பிரிவின் நடுவர்கள், பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள ஊர்ப் பிள்ளைகள். மராத்தி ஒரு சொல் தெரியாது. கொங்கணம் எங்கே இருக்கிறது என்றுகூட அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. சிறந்த படத்துக்கான பளிங்குக் கரடி விருதை அவர்கள் ‘கில்லா’வுக்குக் கொடுத்தார்கள். அப்பா இல்லாத வீட்டின் அமைதி, நண்பன் கைவிட்டதன் வலி, அம்மாவும் தனியாகத்தான் இருக்கிறாள் என்று ஒரு பையன் மெல்லப் புரிந்துகொள்வது - இதெல்லாம் பிள்ளைகளுக்குப் புரியாது, சலித்துப்போகும் என்று நம் தயாரிப்பாளர்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்! பெர்லின் பிள்ளைகள் சலித்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் நல்ல படத்தைக் கொடுத்தார்கள், புரியும்படி வாசித்துக் காட்டினார்கள், தீர்ப்பையும் அவர்கள் கையில் விட்டார்கள். எந்தப் பெரியவர் குழுவும் இதைவிடச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்க முடியாது என்பது என் கருத்து.

படம் இருந்தால்தானே விழா என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஈரானில் 1965இல் தொடங்கிய கானூன் என்ற சிறுவர் நிறுவனம் நூலகம் நடத்தியது, புத்தகம் போட்டது, அப்படியே படமும் எடுத்தது. 1966இலேயே டெஹ்ரானில் சிறுவர் படவிழா நடத்தியது. விழாவில் உலகப் படங்களைப் பார்த்த ஊரில் நல்ல படம் எடுப்பவர்கள் தோன்றுவதில் வியப்பில்லை. அப்பாஸ் கியாரோஸ்தமியின் முதல் குறும்படம் 1970இல் அங்கேதான் உருவானது. நாயைக் கண்டு பயந்து ஒரு சந்து வழியாகப் போகத் தவிக்கும், கையில் ரொட்டி வைத்திருக்கும் ஒரு பையனின் கதை. மஜீத் மஜீதியின் 1997ஆம் ஆண்டுப் படமான ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ கானூன் தயாரித்ததே. தங்கையின் செருப்பைத் தொலைத்த அண்ணனின் அந்தக் கதை தமிழிலும் ‘அக்கா குருவி’யாக 2022இல் வந்தது. மன்னர் ஆட்சியில் பிறந்த நிறுவனம் புரட்சிக்குப் பிறகும் நிலைத்திருந்து இத்தனை கொடுத்திருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன்.

நேருவின் முயற்சியால் 1955இல் குழந்தைகள் திரைப்படக் கழகம் அமைந்தது. ஹிருதயநாத் குன்ஸ்ரு அதன் முதல் தலைவர். கேதார் சர்மா இயக்கிய முதல் படம் ‘ஜல்தீப்’ 1957இல் வெனிஸில் குழந்தைப் படத்துக்கான பரிசு பெற்றது. ஷியாம் பெனகல் கழகத்துக்காக ‘சரண்தாஸ் சோர்’ எடுத்தார்; சாய் பராஞ்ஜ்பே படம் எடுத்தார், கழகத்துக்குத் தலைமையும் தாங்கினார். தொலைந்துபோன நாய்க்குட்டியைத் தேடி மும்பை முழுக்க அலையும் சிறுமியின் கதையான ‘ஹலோ’வைச் சந்தோஷ் சிவன் கழகத்துக்காக எடுத்தார். இருநூறுக்கு மேற்பட்ட படங்கள். இவற்றில் எத்தனையை இந்த அவையில் இருப்பவர்கள் பார்த்திருக்கிறோம்? குற்றம் உங்களுடையதல்ல. படங்கள் எடுக்கப்பட்டன, பரிசு பெற்றன, பெட்டிக்குள் போயின. 2012இல் ‘கட்டூ’ என்ற படம் முறையாகத் திரையரங்குகளில் வெளியானபோது, கழகத்தின் வரலாற்றிலேயே அது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. 57 ஆண்டு கழித்து!

பன்னாட்டுக் குழந்தைகள் ஆண்டான 1979இல் கழகம் ஒரு பன்னாட்டு விழாவைத் தொடங்கியது. தங்க யானை என்ற பெயரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்தது. முதலில் நகரம் நகரமாக மாறியது. 1990களின் நடுவிலிருந்து ஐதராபாத்தில் நிலைகொண்டது. நவம்பர் மாதத்தில், நேரு பிறந்தநாளை ஒட்டி, நகரத்துத் திரையரங்குகளுக்குப் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். பல மாநிலங்களிலிருந்து பிள்ளைகள் பிரதிநிதிகளாக வந்தார்கள். ஒரே வாரத்தில் பல நாட்டுப் படங்களைப் பார்த்த அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். 2017 நவம்பரில் இருபதாவது விழா நடந்தது. 2019இல் வர வேண்டிய அடுத்த விழா வரவில்லை. பிறகு பெருந்தொற்று. 2022 மார்ச்சில் குழந்தைகள் திரைப்படக் கழகமே தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது. 38 ஆண்டு நடந்த ஒரு விழா இப்படி ஓசையில்லாமல் நின்றது.

அதற்காக உழைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். விழா நின்றபோது ஐதராபாத்தில் யார் வீட்டுக் கதவாவது தட்டப்பட்டதா? எங்கள் விழா எங்கே என்று எந்தப் பெற்றோராவது தெருவுக்கு வந்தார்களா? ஜிஃபோனியில் ஒரே ஒரு ஜூலை விழா இல்லையென்றால் பல நூறு வீடுகளில் ஒரு கட்டில் காலியாகக் கிடக்கும், ஊரே கேட்கும். நம் விழாவுக்கு மேடை இருந்தது, அமைச்சர் இருந்தார், நிதி ஒதுக்கீடு இருந்தது. அதைத் தன்னுடையது என்று சொல்ல ஊர் இல்லை. 2018இல் திருவனந்தபுரத்தில் கேரளம் தன் சிறுவர் பன்னாட்டு விழாவைத் தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். அங்கேயும் அது ஆண்டுதோறும் நடக்கும் பழக்கமாக வேரூன்ற வேண்டும்.

டாக்காவைப் பாருங்கள். 2008 முதல் அங்கே நடக்கும் குழந்தைகள் திரைப்பட விழாவைப் பெரும்பாலும் இளைஞர்களே தொண்டர்களாக நின்று நடத்துகிறார்கள். பிள்ளைகள் தாங்களே எடுத்த படங்களுக்கு ஒரு போட்டி உண்டு. அதற்கு நடுவர்களும் பிள்ளைகளே. வங்கதேசம் நம்மைவிடப் பணக்கார நாடு இல்லை.

தமிழ்நாட்டில் இன்று நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2022 அக்டோபரில் அரசுப் பள்ளிகளில் மாதம் ஒரு சிறார் திரைப்படம் காட்டும் திட்டத்தைப் பள்ளிக்கல்வித் துறை தொடங்கியது. முதல் படம் சாப்ளினின் ‘தி கிட்’. 1921இல் வந்த படம். அதைத் தேர்ந்தெடுத்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அப்படி ஒரு திரையிடலுக்கு நானும் போயிருந்தேன். வகுப்பறைச் சன்னல்களில் சார்ட் தாள் ஒட்டி இருட்டாக்கியிருந்தார்கள். ஓரங்களில் வெயில் கசிந்தது. தரையில் சமுக்காளம். ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. இடையிடையே திரையில் வரும் ஆங்கில எழுத்துகளைப் பின்னால் நின்ற ஆசிரியை தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். எதிர்பாராமல் பெர்லினின் அந்த வாசிப்பையே அங்கே பார்த்தேன். அனாதை இல்லத்து ஆட்கள் பையனைப் பிடுங்கி வண்டியில் ஏற்றும் இடம் வந்தது. பையன் கையை நீட்டி அழுகிறான். சாப்ளின் கூரை கூரையாகத் தாவி ஓடுகிறார். பிள்ளைகள் பாதிப் பேர் முழங்காலில் எழுந்துவிட்டார்கள். வண்டிக்குள் குதித்து அவர் பையனைக் கட்டிக்கொண்டபோது எழுந்த சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார்.

படம் முடிந்த பிறகு நடந்ததுதான் முக்கியம். சத்திரத்துக்காரர் ஒருவர், செய்தித்தாளில் பரிசு அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தூங்குகிற பையனைத் தூக்கிக்கொண்டு போலீசில் ஒப்படைக்கிறார் அல்லவா? ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “டீச்சர், அவர் காசுக்காகத்தான் தூக்கிட்டுப் போனாரு. ஆனா அதனாலதான் அந்தப் பையனுக்கு அம்மா கிடைச்சாங்க. அப்ப அவரு கெட்டவரா, நல்லவரா?” ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று வகுப்பிடமே திருப்பிக் கேட்டார். மணி அடித்த பிறகும் வாதம் நடந்தது. அறநெறிக் கதை பத்துச் சொல்லியிருந்தாலும் இந்தக் கேள்வி அந்த வகுப்பறையில் எழுந்திருக்காது.

பள்ளித் திட்டத்தை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம், அதுவும் ஓர் ஆணையில்தான் நிற்கிறது என்பதே. நல்ல ஆணை. ஆனால் நல்ல ஆணைக்கு என்ன நேரும் என்பதைத் தங்க யானையில் பார்த்தோம். பள்ளிக்குள் நடப்பதை ஊர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் அந்த அறையில் இல்லை என்பது எனக்குக் குறையாகப் பட்டது. பிள்ளையும் பெற்றவரும் சேர்ந்து ஒரு படத்தைப் பார்த்தால் அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் பேச ஒரு விஷயம் இருக்கும். இன்று வீட்டில் ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு படம். ஒரே படத்தைப் பார்த்த இருவர் வீட்டில் இருப்பதே அபூர்வமாகிவிட்டது.

நம்மிடம் படமே இல்லை என்று சொல்ல மாட்டேன். நீல மணி ஒன்று கிடைத்தால் பேச முடியாத தன் தோழிக்குப் பேச்சு வரும் என்று காட்டில் தேடும் ‘மல்லி’ இருக்கிறாள். ‘பசங்க’ இருக்கிறார்கள். பீட்சா தின்ன ஆசைப்பட்ட ‘காக்கா முட்டை’ அண்ணன் தம்பி 2014இல் டொரண்டோ வரைக்கும் போய்வந்தார்கள். இவற்றோடு ஸெமானையும் கியாரோஸ்தமியையும் ‘கில்லா’வையும் சேர்த்து வைத்தாலே ஒரு விழாவின் முதல் ஆண்டுக்குப் போதும்.

பெருநகரம் வேண்டாம். ஒரு நகராட்சி போதும். இன்னும் மூடாத பழைய திரையரங்கு ஒன்று, கோடை விடுமுறையில் ஐந்து காலைக் காட்சிகள். திரையிடும் உரிமைக்குக் காட்சிக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு. அதை வணிகர் சங்கமும் அரிமா சங்கமும் பழைய மாணவர்களும் பகிர்ந்துகொள்ள முடியும். நான்கைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தனிக் காட்சி வைக்க வேண்டும். அதில் அரங்கை முழு இருட்டாக்கக் கூடாது, ஒலியைக் குறைக்க வேண்டும், படங்கள் ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பெரிய பிள்ளைகளில் பதினோரு பேரை நடுவர்களாக உட்கார வைக்க வேண்டும். அவர்களில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பாதிக்குக் குறையக் கூடாது. அவர்கள் எந்தப் படத்துக்குப் பரிசு என்று சொல்கிறார்களோ அதற்குத்தான் பரிசு. பெரியவர்கள் யாரும் அதை மாற்றக் கூடாது. முதல் ஆண்டு குறிக்கும் தேதியை மறு ஆண்டும் மாற்றக் கூடாது. மாரியம்மன் கோயில் திருவிழா எப்போது என்று ஊரில் யாரும் கேட்பதில்லை; அந்த நிலைமை இதற்கும் வர வேண்டும்.

கடைசியாக இந்தத் தமிழ்த் துறையிடம் ஒரு வேண்டுகோள். விழாவுக்கு வரும் வெளிநாட்டுப் படத்தின் வசனத்தைப் பிள்ளைகளுக்குப் புரியும் நல்ல தமிழில் எழுதவும், அதைக் காட்சிக்கேற்ப அரங்கில் வாசிக்கவும் ஆள் வேண்டும். அந்த வேலைக்குத் தமிழ் படிக்கும் உங்களைவிடத் தகுதியானவர்கள் யார்? ஒரு படத்துக்கு நான்கு மாணவர்கள் சேர்ந்தால் ஒரு மாதத்தில் எழுதிவிடலாம். வாசிக்கப் பழகுவதற்கு இன்னொரு மாதம். முதல் படமாக ஸெமானின் அந்தக் கால ஆற்றுப் பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்ததும் பக்கத்திலுள்ள ஓர் அரசுப் பள்ளியில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், பெற்றோரையும் அழையுங்கள். என்னைக் கூப்பிட்டால் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்க நானும் வருகிறேன்.